மீனாவின் கைராசி

அத்தியாயம் 17

வாய் சொல்லிவிட்டது. மனசு கேட்க வேண்டுமே!

நேற்று சாயங்காலம் ஆயுத பூஜைச் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே பாண்டிமீனா அண்ணனிடம் அப்படி ஒரு சபதம் போட்டுவிட்டு வந்திருந்தாள். "நாளைக்கு நான் லேப்பு பக்கமே வரமாட்டேன். இடியே விழுந்தாலும் எனக்குப் போன் பண்ணக்கூடாது. செல்வக்குமாருக்குப் பண்ணுங்க." அதற்கு அண்ணன் தமிழ்மாறன் பொரியை வாயில் போட்டு மென்றுகொண்டே நின்றார். கடைசியில், "சரித்தா, பண்ணல" என்றார். அம்புட்டுதான்.

இப்போது விஜயதசமி காலை ஏழே முக்கால். ஆனையூர் வீட்டு அடுப்படியில் மீனா ஒரே பாத்திரத்தை இரண்டாவது தடவை தேய்த்துக்கொண்டிருந்தாள். போன், அலமாரிமேல் குப்புறக் கிடந்தது. குப்புற வைத்தது அவள்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதை நிமிர்த்திப் பார்த்ததும் அவள்தான்.

கதையில் இந்த வாரம் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவனியாபுரத்தில் அன்னக்கொடி லேப் என்றால் ஷேர் ஆட்டோக்காரரே இறக்கிவிடுவார். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாச் சோதனையும் உண்டு. டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட தாயின் பெயரைப் போர்டில் எழுதி, தமிழ்மாறன் தன் படிப்பை வைத்துத் தொடங்கிய இடம் அது. ஊசி போடுவதும் சோதிப்பதும் அவரும் மனைவி ரோகிணியும். கணினி முழுக்கத் தங்கை மீனா பொறுப்பு.

ஐந்து வருடத்துக்கு முன்னால் லேப்பின் ஆறு கணினியிலும் இருந்த பழைய மென்பொருளை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டவள் அவள்தான். கணினியைத் தட்டி எழுப்பி நடத்துகிற அடிப்படை மென்பொருள் அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், உரிமக் கட்டணம் என்று யாரும் கையை நீட்ட மாட்டார்கள். அன்றிலிருந்து லேப்பில் ஒரு வைரஸ் கிடையாது, ஒரு ரிப்போர்ட் காணாமல் போனது கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, தங்கமாக ஓடியது.

ஒரே ஒரு குறை. ஏதாவது நின்றுபோனால் கூப்பிடுவதற்கு மீனாவைத் தவிர ஒரு ஜென்மம் கிடையாது.

அதில்தான் அவள் வாழ்க்கை மாட்டிக்கொண்டது. கணவன் ராஜபாண்டிக்கு ஓசூரில் வேலை. அவன் போய் மூன்று வருடமாகிறது. "அடுத்த மாசம் வாரேன்", "தீபாவளி முடிஞ்சு வாரேன்" என்று மீனா தள்ளிக்கொண்டே வந்தாள். லேப்பை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆரம்பத்தில் அவன் வாரத்துக்கு ஒரு தடவை, "எப்ப வார மீனா?" என்று கேட்பான். சண்டை கூடப் போடுவான். இந்த இரண்டு மாதமாக அவன் கேட்பதே இல்லை. சாப்பிட்டாயா, மழையா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

அண்ணனிடம் போய் நின்றாள். "அண்ணே, நான் ஓசூருக்குப் போகணும்."

"போத்தா. யாரு பிடிச்சு வச்சா? ஆனா இந்த ஓசிச் சாமானையும் தூக்கிட்டுப் போயிரு. நான் பழையபடி கம்பெனிச் சாமானே போட்டுக்கிறேன். அதுக்காச்சும் கேக்க நாதி இருக்கு."

"எந்த நாதிண்ணே? அப்ப மட்டும் போன எடுத்தாய்ங்களா? ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு அரை நாளு பாட்டுப் போட்டாய்ங்க, மறந்துட்டீகளா?"

"பாட்டாச்சும் போட்டாய்ங்கள்ல!"

அண்ணன் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதுதான் அவளுக்கு எரிச்சல். ஓசியாக வருகிற மென்பொருளுக்கும் காசு வாங்கிக்கொண்டு சப்போர்ட் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று விளக்கினாள். மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசினாள்.

சென்னைக் கம்பெனி ஒன்று, "நான்கு மணி நேரத்துக்குள் பதில்" என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தது. மீனா விடாமல் குடைந்தாள். பதில் என்றால் என்ன? உங்கள் புகார் கிடைத்தது என்று ஒரு மெயில் வருமாம், அதுதான் பதில். சரிசெய்வது எப்போது என்று தாளில் எங்கேயும் இல்லை. இரண்டாவது ஆள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். இப்போது போட்டிருக்கிற பதிப்புக்கு இன்னும் எத்தனை வருடம் திருத்தங்கள் வரும் என்று கேட்டதும், "பாத்துச் சொல்றேன் மேடம்" என்று போனவன் போனவன்தான்.

மூன்றாவது செல்வக்குமார். அவனியாபுரத்திலேயே இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு சின்னதாக ஓர் ஆபீஸ் நடத்துகிறவன். "விஜயதசமி அன்னைக்குக் காலையில போன் பண்ணா எடுப்பியா தம்பி?" என்று கேட்டாள். "எடுப்பேன்க்கா. ஆனா எனக்குத் தெரியாத ஒண்ணுன்னா தெரியலன்னு சொல்லிருவேன், சமாளிக்க மாட்டேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனைப் பிடித்துப் போட்டாள். ஒரு மாதம் பார்ப்பது, பிடித்தால் வருட ஒப்பந்தம். தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒரு நீள நோட்டில் எழுதி, எந்த வயர் எங்கே போகிறது என்பது வரைக்கும் படம் போட்டு அவனிடம் கொடுத்தாள்.

நல்லபடியாகப் போனது. ஆனால் தமிழ்மாறன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஆயுத பூஜைக்குத்தான் வருடத்தில் ஒரே ஒரு நாள் லேப் சர்வரை அணைப்பார்கள். ஓட்டலில் தோசை கொண்டுவருகிற சர்வர் இல்லை. எல்லா ரிப்போர்ட்டும் பத்திரமாக இருக்கிற தலைமைக் கணினி. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாமியிடம் விட்டுவிடுவார்கள். மறுநாள் காலை மீனா வந்துதான் அதில் முதலில் கை வைக்க வேண்டும். அண்ணனே ஒரு வருடம் அவசரப்பட்டு அமுக்கிப் பார்த்து, அது எழுந்திருக்கவில்லை. மீனா வந்து தொட்டதும் எழுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுப் பெண்ணின் கைராசி என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் பெருமையாகச் சொல்வார்.

"ஒன் கை படாம எந்திரிக்காதுத்தா" என்று நேற்றும் வாசல் வரைக்கும் வந்து சொன்னார்.

"கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல. பட்டன அமுக்குனா எந்திரிக்கப் போகுது. நான் வராம ஒரு நாள் ஓட்டிப் பாருங்கண்ணே. அப்பத்தான் ஒங்களுக்கும் தைரியம் வரும்."

அப்படிச் சொன்னவள்தான் இப்போது பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

மணி எட்டே கால் ஆயிற்று. போன் வரவில்லை. எட்டே முக்கால். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கூடவே ஒரு சின்ன வருத்தமும் எட்டிப் பார்த்தது. அதை அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். அலமாரியைத் திறந்து, ஓசூருக்கு எடுத்துப் போக வேண்டிய புடவைகளைக் கட்டில்மேல் அடுக்கினாள். அவனுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறப் புடவையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

ஒன்பது இருபதுக்குப் போன் அடித்தது. ரோகிணி.

"மதினி! போன் பண்ணக் கூடாதுன்னு..."

"ஸ்ஸ்! மெதுவாப் பேசு. நான் பின்னாடி பாத்ரூமுக்குள்ள நின்னு பேசுறேன். ஒங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டியே போட்ருவாரு. குடுத்த வாக்கக் காப்பாத்துறாராம். மீனாவுக்கு யாரும் போன் போடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"என்ன ஆச்சு மதினி?"

"அது எந்திரிக்கலடி."

"செல்வக்குமாருக்குப் பண்ணீகளா?"

"அந்தத் தம்பியக் குத்தம் சொல்ல முடியாது மீனா. ரெண்டாவது மணியிலேயே எடுத்துட்டான். நெத்தித் திருநீறு கூடக் காயல, கால் மணி நேரத்துல வந்து நிக்கிறான். வயர மாத்திப் பாத்துட்டான், கழட்டி மாட்டிட்டான். மெசினு நல்லாத்தான் இருக்குங்குறான். ஆனா ஸ்கிரீனு கறுப்பாக் கெடக்கு. நட்டநடுவுல ஒரே ஒரு வரி. என்னமோ கேக்குதாம்."

"என்ன கேக்குதாம்?"

"பூட்டுப் போட்டிருக்காம். தெறக்குற வார்த்தை வேணுமாம். ஒன் நோட்ட மூணு தடவ பொரட்டிட்டான். அதுல இல்லங்குறான்."

பாண்டிமீனா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இருக்காது. நோட்டில் அது இருக்காது. மற்ற எல்லாக் கடவுச்சொல்லும் இருக்கும். தினமும் கேட்பது, வாரம் ஒரு முறை கேட்பது எல்லாம் எழுதினாள். இது வருடத்துக்கு ஒரே ஒரு தடவை கேட்பது. யாராவது சர்வரைத் தூக்கிக்கொண்டு போனாலும் நோயாளிகளின் விவரத்தைப் படிக்க முடியாதபடி அவளே போட்ட பூட்டு. விஜயதசமிக்கு விஜயதசமி வந்து, சாமி கும்பிட்டு, அந்த வார்த்தையைத் தட்டிவிட்டு, சக்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போவாள். பூஜையோடு பூஜையாகப் போனதால், எழுத வேண்டிய விஷயம் என்றே அது மண்டையில் உறைக்கவில்லை.

கைராசியாம் கைராசி! ஐந்து வருடமாக ஒரு குடும்பமே கடவுச்சொல்லைக் கைராசி என்று நம்பியிருக்கிறது. அவளும் அதைக் கேட்டுச் சிரித்தாளே தவிர, ஏன் எழுந்திருக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

"மீனா, இருக்கியா? இங்க ஒரே கூட்டம். புதுசா வாரவுகளுக்குக் கையால எழுதிச் சமாளிச்சிட்டோம். ஆனா அந்த மலையம்மாக் கெழவி இருக்குல்ல, அதுக்கு இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு ஆபரேசன். நேத்து எடுத்த ரிப்போர்ட்டு பூராம் உள்ளார மாட்டிக்கிச்சு. திரும்ப எடுத்துச் சோதிக்க நேரம் பத்தாது. அது மக வந்து அழுதுக்கிட்டு நிக்கிறா."

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"என்ன சொல்வாரு? இதுக்குத்தான் ஓசிச் சாமான் வேணாம்னேன்னு கத்துறாரு. நாளைக்கே எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டுக் கம்பெனிச் சாமான் போடப் போறாராம். செல்வக்குமாரு, அந்த வார்த்தை இல்லாட்டி எந்தக் கம்பெனி வந்தாலும் தெறக்க முடியாதுண்ணே, பூட்டுனவுகதான் தெறக்கணும்னு சொல்லிப் பாத்துட்டான். ஒன்னையக் கேக்கலாம்னா, ஒங்க அண்ணன் விட மாட்டேங்குறாரு."

மீனா கட்டில்மேல் அடுக்கியிருந்த புடவைகளைப் பார்த்தாள்.

இப்போது போன் போட்டுச் சொன்னால் என்ன ஆகும்? "பாத்தியா, நீ இல்லாட்டி நடக்காதுன்னு சொன்னேனா இல்லியா" என்பார். செல்வக்குமாரின் ஒரு மாதம் பாழ். அவளுடைய ஓசூரும் பாழ். புடவையை மடித்துத் திரும்ப அலமாரியில் வைக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால்? ஒரு கிழவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் காத்துக் கிடக்கிறாள்.

அது மட்டும் என்றால் அவள் யோசித்திருக்கவே மாட்டாள். அந்த வார்த்தை என்ன என்பது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. காது மடல் வரைக்கும் சுட்டது.

"கடவுளே" என்றாள்.

"என்னடி?"

"மதினி, நீங்க வெளிய வாங்க. நான் அண்ணனுக்கே போடுறேன்."

முதல் மணியிலேயே எடுத்தார் தமிழ்மாறன். "நான் போன் பண்ணலத்தா. நீயாத்தான் பண்ற. பின்னாடி என்னையச் சொல்லக் கூடாது."

"சொல்லலண்ணே. அந்தப் பூட்டப் போட்டது நான்தான். நோட்டுல எழுத மறந்துட்டேன். தப்பு என்மேல. செல்வக்குமார் மேலயும் இல்ல, லினக்ஸ் மேலயும் இல்ல. போன செல்வக்குமார்ட்ட குடுங்க, சொல்றேன்."

"எதுக்கு அவன்ட்ட? ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். சொல்லு, நானே அடிக்கிறேன். ஒன் கைராசி இல்லாட்டியும் என் கையாச்சும் படட்டும்."

"வேணாம்ண்ணே, அவன்ட்ட..."

"மலையம்மா மக நிக்கிறா பாரு. சீக்கிரம் சொல்லுத்தா!"

மீனா கண்ணை மூடிக்கொண்டாள். "இங்கிலீஷ் எழுத்துலண்ணே. நடுவுல இடம் விடக்கூடாது. ஏ."

"ஏ."

"என். என். ஏ. என்."

"என்... என்... ஏ... என்." ஒற்றை விரலால் அவர் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. சத்தம் போட்டுப் படித்தபடியே தட்டுவது அவர் பழக்கம். "அண்ணன்! அட, என் பேரையாத்தா வச்சிருக்க?" குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

மீனாவுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. "யு. கே. கே. யு."

"அண்ணனுக்கு! சரி, அப்புறம்?"

"ஓ. என். என். யு. எம்."

"ஒண்ணும்." தட்டுகிற வேகம் குறைந்தது.

"டி. ஹெச். ஈ."

"ஈ."

"ஆர். ஐ. ஒய். ஏ." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "டி. ஹெச். யு."

கடைசி மூன்று எழுத்தை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. தட்டினார். அவ்வளவுதான்.

ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு யாரோ கை தட்டினார்கள். "எந்திரிச்சிருச்சுண்ணே!" என்று செல்வக்குமார் கத்தினான். பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. மலையம்மாளின் மகள் ஏதோ சொல்லி அழுவதும் சிரிப்பதும் கலந்து கேட்டது. ரோகிணி, "ரிப்போர்ட்ட எடுத்துட்டு ஓடுத்தா, நேரம் இருக்கு" என்றாள்.

போனில் சத்தம் சட்டென்று அடங்கியது. தமிழ்மாறன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எங்கோ தள்ளி வந்திருக்கிறார்.

"அண்ணே."

"அஞ்சு வருசமாவாத்தா?"

"அது... இந்த லினக்ஸப் போட்ட அன்னைக்கு, வேலைக்கு வந்த புள்ளைக எல்லாத்துக்கும் முன்னாடி ஓசிச் சாமான், ஓசிச் சாமான்னு சொல்லிச் சிரிச்சீக. அந்தக் கோவத்துல தட்டுனேன். அன்னைக்கே மாத்தியிருக்கணும். மறந்தே போச்சுண்ணே. சத்தியமா."

"ஒவ்வொரு விஜயதசமிக்கும் வந்து ஒக்காந்து, இதத்தான் அடிச்சியா?"

"ஆமாண்ணே."

"நான் சூடத்தட்டோட ஒன் பக்கத்துலயே நிப்பேனே. என் தங்கச்சி கை வச்சா எல்லாம் நல்லா நடக்கும்னு கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு நிப்பேனேத்தா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கத்தக்கூட இல்லை. காய்ச்சல்காரரிடம் ரிசல்ட் சொல்கிற அதே நிதானமான குரலில்தான் பேசினார். மீனாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நல்லாத்தான் வச்சிருக்க" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் தெரியல, நெசந்தான். தெரிஞ்சிருந்தா மூணு வருசம் ஒன்ன மாப்பிள்ளகிட்ட போக விடாம வச்சிருப்பேனா?"

"அண்ணே, அப்படியில்லண்ணே..."

"வார்த்தைய நோட்டுல எழுதிட்டேன். செல்வக்குமாருக்கு வருச ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் மறுவேல. இனிமே நீ இங்க வரவேணாம்."

போன் வைக்கப்பட்டது.

இத்தனை நாளாக அண்ணன் வாயிலிருந்து வாங்கிவிடத் தவம் கிடந்த வார்த்தை அது. நீ வரவேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கிளம்பு. கிடைத்துவிட்டது. கட்டில்மேல் கத்தரிப்பூ நிறப் புடவை விரிந்து கிடந்தது. ராஜபாண்டிக்குப் போன் போட்டு, "வாரேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் விரல் அண்ணன் நம்பரைத்தான் அமுக்கியது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அமுக்கினாள். ஓய்ந்தது. மூன்றாவது தடவை லேப்பின் பொது நம்பருக்குப் போட்டாள். ஒரே மணியில் எடுத்தார்கள்.

"அன்னக்கொடி லேப், வணக்கம். செல்வக்குமார் பேசுறேன். அக்கா, நீங்களா! கையெழுத்து ஆயிருச்சுக்கா. நீங்க கூப்பிட்டா இனிமே நான்தான் பேசணும்னு அண்ணன் சொல்லிட்டாரு. சொல்லுங்கக்கா, என்ன பிரச்சினை?"

"சிஸ்டத்துல ஒண்ணுமில்ல தம்பி." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் என்கூடப் பேச மாட்டேங்குது."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பிள்ளை.

"அது நம்ம ஒப்பந்தத்துல வராதேக்கா" என்றான்.